காயாத பசை

கிழக்கு வெளுக்கும்போதே அவர்கள் முதற் கல்லைத் தோளில் ஏற்றிவிட்டார்கள். லிப்ற் பழுது. அதன் கதவில் ஒட்டியிருந்த மன்னிப்புக் கேட்கும் தாளே நாட்பட்டு மஞ்சளாகிப் போயிருந்தது. லண்டனின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி நிற்கும் அந்த மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு எது போக வேண்டுமானாலும் மனிதத் தோளில்தான் போக வேண்டும். அன்ரெனாக் கம்பத்தின் காலை அமர்த்தி வைக்கும் சீமெந்துக் கற்கள், கேபிள் சுருள்கள், கருவிப் பைகள், அன்ரெனாப் பலகை.

சாருஜா ஒரு துவாயை மடித்துத் தோளில் போட்டிருந்தாள். அப்படியும் கல்லின் விளிம்பு எலும்பைத் தேடிப் பிடித்து அழுத்தியது. சீமெந்துத் தூள் வியர்வையோடு கலந்து கழுத்தில் எரிந்தது. படிக்கட்டு முழுவதும் பிளீச் மணமும், அதற்கு அடியில் பிளீச்சால் போக்க முடியாத மணமும். ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ பாண் வாட்டினார்கள். ஒரு குழந்தை பள்ளிக்குப் போக மறுத்து அழுதது.

முன்னால் சண்முகராசா ஏறினார். ஐம்பதைக் கடந்தவர். தொண்ணூறுகளில் அகதியாக வந்து பெற்றோல் நிலையம், பேக்கரி என்று அலைந்து கடைசியில் கூரைக்கு ஏறியவர். ஒவ்வொரு படிக்கும் அவருடைய வலது முழங்கால் சின்னதாக ஒரு சத்தம் போடும். பின்னால் சுஜீத். முதலாளி கிருஷ்ணராசாவின் கொம்பனி வேலை விசாவுக்கு ஸ்பொன்சர் செய்து யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டவன். அவனும் மனைவி அஜந்தாவும் ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் முன்னறையில் குடியிருந்தார்கள். நடுவில் சாருஜா. பாரிசில் வளர்ந்து அங்கேயே மின்வேலை படித்து, ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்குக் கதவு மூடப்படுமுன் லண்டன் வந்து சேர்ந்தவள். பொம்பிளை கூரைக்கு ஏறுவதா என்று கிருஷ்ணராசா சிரித்தபோது, ஏறினால் என்ன என்று கேட்டு அவளைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டவர் றொனால்ட்.

அவர் இப்போது இல்லை. மாசி மாதத்தின் ஒரு பின்னேரம் இதே கட்டடத்தின் கூரையிலிருந்து விழுந்துவிட்டார்.

மேல் மாடிகளில் ஒன்றின் திருப்பத்தில் சாருஜா நின்றாள். சண்முகராசாவின் முழங்கால் சத்தம் மேலே போய்க்கொண்டிருந்தது. சுஜீத்தின் சப்பாத்து கீழே தேய்ந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் இன்னொருவர் ஏறும் சத்தம். அவசரமில்லாமல், ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தையும் வைத்து ஏறும் சத்தம். றொனால்ட் அப்படித்தான் ஏறுவார். சாருஜா தன்னையறியாமல் சுவரோடு ஒதுங்கி வழி விட்டாள். கல் சுவரில் உரசித் தூள் கொட்டியது. யாரும் கடந்து போகவில்லை. ஆனால் கன்னத்தில், ஒருவர் பக்கத்தால் போனால் படுகிற மெல்லிய காற்றுப் பட்டது.

அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இப்படி நடப்பது இது முதல் தடவை அல்ல.

கூரைக் கதவைத் தோளால் தள்ளித் திறந்ததும் அந்த ஒலி வந்தது. ஒருவர் வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல ஒரே சுருதியில் நீண்டு, காற்று ஏறும்போது ஏறி, காற்று இறங்கும்போது இறங்கியது. சுஜீத்தின் முகம் வெளிறியது.

"கம்பம்தான்" என்றார் சண்முகராசா. "மேல் வாய்க்கு மூடி போடேல்லை. காத்துப் போய் ஊதுது."

அது சரிதான். றொனால்ட் அன்று நட்ட கம்பம் மூடியில்லாமல், அன்ரெனா இல்லாமல், மொட்டையாக நின்றது. அதன் அடியில் சாருஜா பூட்டிய பச்சை மஞ்சள் மண்கம்பி, இடியை இறக்கி நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டிய கம்பி, பாதியில் சுருண்டு கிடந்தது. அதைப் பூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. அன்று நோர்பரிப் பக்கம் வேலை செய்யும் வானுக்கு ஆள் குறைவு என்று சண்முகராசாவை அங்கே அனுப்பியிருந்தார்கள். சுஜீத் கீழே வானுக்குப் பக்கத்தில் கயிற்றோடு நின்றான். சாருஜா தண்ணீர்த் தாங்கி அறைக்குள் கம்பியின் மறுமுனையைப் பொருத்திக்கொண்டிருந்தாள். இருவர் பிடித்துத் தூக்க வேண்டிய பலகையை றொனால்ட் தனியே தூக்கினார். காற்று ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்குச் செய்வம் என்று அவர் போனில் கெஞ்சியதையும், போனின் ஸ்பீக்கரில் கிருஷ்ணராசா, "பெரிய போன் கொம்பனிக்காரன் இண்டைக்கே சிக்னல் வரோணும் எண்டு நிக்கிறான், முடிச்சுப்போட்டு வாங்கோ" என்றதையும் அவள் கேட்டாள்.

அன்ரெனாப் பலகை ஒரு கதவளவு இருக்கும். தரையில் கிடக்கும்போது அது வெறும் பாரம். கூரையில் காற்று பிடித்தால் அது கப்பல் பாய். சாருஜா வெளியே வந்து பார்த்தபோது கூரையில் யாரும் இல்லை. அலறல் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. கம்பம் மட்டும் நின்று முனகியது.

காற்றில் தூக்காதே, பாதுகாப்புக் கயிற்றைக் கொளுவாமல் விளிம்புக்குப் போகாதே, பலகை பெரிதானால் கம்பமும் தடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஒவ்வொரு அன்ரெனாப் பெட்டிக்குள்ளும் படம் போட்டுப் பல மொழிகளில் வருகிறது. அதில் ரகசியம் எதுவும் இல்லை. அதை விரித்துப் பார்த்துக்கொண்டு நிற்க எவருக்கும் நேரம் தரப்படுவதில்லை, அவ்வளவுதான்.

சாருஜா கல்லை இறக்கிவிட்டு நிமிர்ந்தாள். மூக்கில் ஒரு புளிப்பு மணம் ஏறியது. வினாகிரி மணம். அவள் மணத்தைத் தொடர்ந்து தண்ணீர்த் தாங்கி அறையின் பின்பக்கம் போனாள். செங்கல் சுவரில், இடுப்பு உயரத்தில், தடித்த இரும்புத் தகடு ஒன்று பூட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக் கயிற்றின் கொளுக்கியை மாட்டுகிற வளையம். பழையதுபோலத் தெரியத் தகட்டிலும் வளையத்திலும் சேறு தடவியிருந்தார்கள். தகட்டைச் சுற்றிச் சிலிக்கன் பசை, காயும்வரை வினாகிரிபோல மணக்கும் பசை. அதன் மேலும் சேறு. சாருஜா பெருவிரலால் அழுத்தினாள். பசை பிட்டுமாவைப்போல உள்ளே போய் விரலின் வடிவத்தை வாங்கிக்கொண்டது.

மாசியில் இந்தச் சுவர் மொட்டையாக இருந்தது. கொளுவ ஓரிடம் தேடி றொனால்ட் இந்தக் கூரையை இரண்டு முறை சுற்றி வந்தது அவளுக்குத் தெரியும். கூடவே சுற்றியவள் அவள்.

அன்று பொலிஸ் வந்து படம் எடுத்தது. மழையும் மம்மல் இருட்டும். கூரையின் விளிம்பையும் கம்பத்தையும் எடுத்தார்கள், கீழே நடைபாதையை எடுத்தார்கள். தாங்கி அறையின் பின்பக்கச் சுவரை யாரும் எடுக்கவில்லை.

கிருஷ்ணராசா ஏறி வந்தபோது மூச்சு இரைத்தது. மடிப்புக் குலையாத புது மஞ்சள் அங்கி போட்டிருந்தார். ஒருகாலத்தில் ஸ்ருட்காட்டில் உணவகமொன்றில் கோப்பை கழுவி, பிறகு அங்கேயே கூரையேறி அன்ரெனா பூட்டி, லண்டன் வந்து மூன்று வான்களுக்கு முதலாளியானவர். மற்றவர்கள் படியில் ஏறிய பாரம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் முதலில், "களைச்சுப்போனீங்கள், கொஞ்சம் இருங்கோ" என்றார்.

பிறகு சொன்னார்:

"பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் மனுசி வரப்போறா. அவ வரேக்க வேலை நடந்துகொண்டிருக்கோணும். மூண்டு பேரும் பாதுகாப்புப் பட்டியைக் கட்டி, இந்த வளையத்தில கொளுவி நிக்கோணும். பாக்க வடிவா இருக்கோணும். விளங்குதோ?"

"இது எப்ப வந்தது, அண்ணை?" என்றாள் சாருஜா.

"எது?"

"இந்த வளையம்."

"அது எப்பவும் இருந்தது."

"இருந்தால் றொனால்ட் அண்ணை இதிலதானே கொளுவியிருப்பார்."

"அதைத்தான் நானும் சொல்லுறன், தங்கச்சி. கொளுவேல்லை. அதுதான் விழுந்தவர்."

கம்பம் முனகியது. கிருஷ்ணராசா அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றார். திரும்பாமல் நிற்க அவர் படும் பாடு அவருடைய கழுத்து நரம்பில் தெரிந்தது.

"பசை இன்னும் காயேல்லை, அண்ணை."

"நேற்று மழை. ஈரம் இருக்கும்."

"ஈரத்துக்கு வினாகிரி மணக்குமோ?"

கிருஷ்ணராசா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். குரல் தணிந்தது.

"இஞ்ச பாருங்கோ. நான் கல்லு மனுசன் இல்லை. செத்தவீட்டை ஆர் நடத்தினது? பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு அழுதது ஆர்? பெரிய கொம்பனிக்காரன் என்ர குரல்வளையில கையை வைச்சிருக்கிறான். வளையம் இல்லாத கூரைக்கு ஆளை ஏத்தினது எண்டு தெரிஞ்சால் வேலை முழுக்கப் பறிபோகும். மூண்டு வானும் நிக்கும். உங்கட அடுப்பும் நிக்கும். உண்மையைச் சொன்னால் றொனால்ட் எழும்பி வரப்போறாரோ?"

"அவர் வரமாட்டார்" என்றார் சண்முகராசா. அன்று காலையிலிருந்து அவர் முதலாளியோடு பேசிய முதல் வார்த்தை அது. "அவற்ர மனுசி றஜீனா இருக்கிறாதானே."

"றஜீனாவுக்கு நான் செய்வன்."

"என்னெண்டு செய்வீங்கள்? கவனமில்லாத மனுசன்ர பெண்சாதி எண்டோ?"

கிருஷ்ணராசா எழுந்தார். தணிந்த குரல் போய்விட்டது.

"இன்ஸ்பெக்டர் கேட்டால் யெஸ் எண்டு ஒரு சொல்லு. வேற ஒண்டும் வேண்டாம். சுஜீத், நீ வாயே திறக்காத. உன்ர ஸ்பொன்சர் ஆற்ர பேரில இருக்கெண்டு யோசிச்சுக்கொள். மிச்சக் கல்லுகளைக் கொண்டு வாங்கோ, போங்கோ."

அவர்கள் இறங்கினார்கள். வெறுங்கையோடு இறங்குவது ஏறுவதைவிடக் கடினமாக இருந்தது. சாருஜாவுக்கு ஈஸ்ட் ஹாமில், கடைக்கு மேலே இருக்கும் றஜீனாவின் வீடு நினைவில் வந்தது. போன கிழமை போயிருந்தாள். றஜீனா அழவில்லை. கதவைச் சுட்டிக் காட்டிக் கேட்டாள்: "இரவில இந்தக் கதவைப் பூட்டினால் அவர் படுக்கப் போக முந்தி மூண்டு தரம் இழுத்துப் பாப்பார். காஸை மூடினனோ எண்டு என்னை எழுப்பிக் கேப்பார். அந்த மனுசனைப் போய்க் கவனமில்லாதவர் எண்டு சொல்லுகினம். என்ர பிள்ளையளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

கீழே இறங்கும் சத்தத்தில் மறுபடியும் அந்தக் காலடி சேர்ந்துகொண்டது. முழுப் பாதத்தையும் வைத்து இறங்கும் காலடி. சாருஜா திருப்பத்தில் சுவரோடு ஒதுங்கினாள். அப்போதுதான் கண்டாள், அவளுக்கு முன்னால் சண்முகராசாவும் சுவரோடு ஒதுங்கி நின்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உங்களுக்கும் கேக்குதோ, அண்ணை?"

சண்முகராசா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "அண்டையிலிருந்து கேக்குது. என்னை அந்த வானுக்கு மாத்தாமல் விட்டிருந்தால் மற்றப் பக்கத்தை நான் பிடிச்சிருப்பன். வீட்டில படியேறினாலும் கேக்குது. பைத்தியம் பிடிக்குதோ எண்டு நினைச்சு மனுசிக்கும் சொல்லேல்லை."

சுஜீத் மேலே ஒரு படியில் அப்படியே குந்திவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"எனக்குக் காலடி கேக்கிறதில்லை, அக்கா" என்றான். "காலமை கடைக்குப் போய் நாலு தேத்தண்ணி வாங்கிறன். ஒவ்வொரு நாளும். வானடிக்கு வந்த பிறகுதான் விளங்கும். நாலாவதை நீங்கள் காணாமல் ஊத்திப்போடுவன். நான் கீழ நிண்டனான். என்ர கண்ணுக்கு முன்னால. கண்ணை மூடேலாமல் இருக்கு."

இத்தனை நாளும் ஒரே வானில் நெருங்கி உட்கார்ந்து போய்வந்த மூன்று பேரும் ஆளுக்கொரு பிணத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். பாரத்தை இறக்கவில்லை. ஆனால் ஒரே பாரம்தான் என்று இப்போது தெரிந்துவிட்டது.

"அவருக்கு விட்டுப் போக மனமில்லை" என்றாள் சாருஜா. "கொளுவேல்லை எண்டு பழி சொன்னால் ஆருக்கு மனம் வரும்?"

கீழே துடைப்பத்தோடு டெஸ்மண்ட் வந்துகொண்டிருந்தார். கட்டடத்தின் காவற்காரர், ஜமேக்காவிலிருந்து இளவயதில் வந்தவர். அவர்களைக் கண்டதும் நின்றார். மேல்மாடிக்காரர்களின் முறைப்பாட்டைச் சொன்னார். கூரையில் ஒரு மனிதன் இரவும் பகலும் முனகுகிறான் என்கிறார்களாம், ஒரு கிழவி அறையை மாற்றிப் படுக்கிறாளாம். அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை டிரில் சத்தம் வேறு.

"ஞாயிற்றுக்கிழமை யார் வந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் சாருஜா.

"உங்கள் முதலாளிதான். இன்னொருவரும் வந்தார். சாவி என்னிடம்தான் வாங்கினார்கள்."

"இதை நீங்கள் இன்ஸ்பெக்டரிடம் சொல்வீர்களா?"

டெஸ்மண்ட் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "கேட்டால் சொல்வேன். அந்த மனிதர் விழுந்த நாளிலிருந்து என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை."

அவர் போனதும் சண்முகராசா சுஜீத்தின் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தம்பி, நீ பேசாமல் நில். உன்னைக் கேட்டாலும் நாங்கள் ரெண்டு பேரும் சொல்லுறம். உனக்கு இழக்கக் கூட இருக்கு."

"ஒருத்தர் சொன்னால் அவரை அனுப்பிப்போடுவார்" என்றான் சுஜீத். "மூண்டு பேரும் சொன்னால்?"

"மூண்டு பேரையும் அனுப்புவார்." சண்முகராசா சிரித்தார். சிரிப்பு வறண்டிருந்தது. ஆனாலும் அது சிரிப்புத்தான்.

"அப்ப மூண்டு பேர் காணாது" என்றாள் சாருஜா. போனை எடுத்து, ரெய்னர்ஸ் லேன் பக்கம் வேலை செய்யும் கொம்பனியின் இன்னொரு வானின் சாரதி கிருஷாந்தைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த டிரில் சத்தம் நின்றது. பிறகு கிருஷாந்த் சொன்னான்: "அக்கா, நான் இப்ப நிக்கிற கூரையிலயும் வளையம் இல்லை."

"எங்களோட நிப்பியோ?"

"வீட்டுக்காரியைக் கேக்கோணும். பாப்பம்."

போன் துண்டிக்கப்பட்டது. பாப்பம் என்ற சொல் லண்டனில் பெரும்பாலும் இல்லை என்றுதான் முடியும். சாருஜாவுக்கு அது தெரியும். ஆனாலும் அவர்கள் கல்லைத் தூக்காமல், வெறுங்கையோடு மறுபடி மேலே ஏறினார்கள்.

இன்ஸ்பெக்டர் நரை விழுந்த கூந்தலை இறுக்கி முடிந்த ஒரு வெள்ளைக்காரி. மாடியேறி வந்த களைப்பை மறைக்கவில்லை. கிருஷ்ணராசா அவருக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார். ஞாயிற்றுக்கிழமையே மேலே ஏற்றி வைத்த புதிய அன்ரெனாப் பலகை இப்போது பெட்டியிலிருந்து எடுத்துக் கூரையில் சாத்தியிருந்தது. முந்தியதைவிட நீளமும் அகலமும் கூடியது. கம்பம் அதே கம்பம்.

"ஏன் இவர்கள் வேலை செய்யவில்லை?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"இப்போது தொடங்குவார்கள்" என்று கிருஷ்ணராசா ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தமிழுக்கு மாறினார். "பட்டியைக் கட்டிக் கொளுவுங்கோ. என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்?"

யாரும் அசையவில்லை. காற்று ஏறியது. கம்பம் தன் ஒற்றைச் சுருதியைத் தொடங்கியது. இன்ஸ்பெக்டர் திரும்பி அதைப் பார்த்தார். அவருடைய கை தானாகக் கோட்டின் கழுத்தை மூடிக்கொண்டது.

பிறகு வளையத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டார்: "விபத்து நடந்த அன்று இது இங்கே இருந்ததா?"

சாருஜா வாயைத் திறந்தாள். படிக்கட்டில் சேர்த்து வைத்த சொற்கள் எல்லாம் காற்றோடு போய்விட்டன போல இருந்தது. அவளுக்கு முன்னால், அதே இடத்தில், கொளுக்கியைக் கையில் பிடித்தபடி சுவரைத் தடவிப் பார்க்கும் றொனால்டின் முதுகு தெரிந்தது.

"நோ" என்றது ஒரு குரல்.

சுஜீத். அவனுடைய ஆங்கிலம் சிறியது. கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான ஆங்கிலம். அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"அன்று இல்லை. ஞாயிறு வந்தது. நான் கீழே நின்றேன். அவர் விழுந்ததைக் கண்டேன். கொளுவ இடம் இல்லை."

"இவனுக்கு இங்கிலிஷ் விளங்காது" என்றார் கிருஷ்ணராசா அவசரமாக.

"எனக்கு விளங்கும்" என்றார் சண்முகராசா. "அவர் சொன்னது சரி."

சாருஜா தகட்டைச் சுட்டிக் காட்டினாள். "தொட்டுப் பாருங்கள்" என்றாள். "பசையைத் தொட்டுப் பாருங்கள். கீழே இருக்கும் காவற்காரரையும் கேளுங்கள். அவரை இதுவரை யாரும் கேட்கவில்லையாம். இந்தப் புதிய பலகையை இந்த மெல்லிய கம்பத்தில், இந்தக் காற்றில், நாங்கள் தூக்கப் போவதில்லை."

இன்ஸ்பெக்டர் கையுறையைக் கழற்றினார். தகட்டின் ஓரத்தில் ஏற்கெனவே பதிந்திருந்த பெருவிரல் தடத்துக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்து அழுத்தினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஒன்றும் சொல்லாமல் படம் எடுக்கத் தொடங்கினார். நெடுநேரம் எடுத்தார்.

போகும்போது மட்டும் சொன்னார். எல்லோரிடமும் தனித்தனியே வாக்குமூலம் வாங்க வேண்டும், மாதக் கணக்காகும், மற்றப் பக்கத்தில் வழக்கறிஞர்கள் வருவார்கள், தான் எதற்கும் உறுதி சொல்ல முடியாது.

கூரைக் கதவு அவருக்குப் பின்னால் மூடியது. கிருஷ்ணராசா அவர்களைப் பார்த்தார். கோபத்தைவிட வேறு ஏதோ ஒன்று அவர் முகத்தில் இருந்தது. ஒரு கணம், அவரும் ஒருகாலத்தில் கொளுவாமல் கூரையில் நின்றவர் என்பது அந்த முகத்தில் தெரிந்து மறைந்தது.

"சுஜீத், நாளைக்கு நீ வரத் தேவையில்லை. ஸ்பொன்சரையும் நிப்பாட்டுறன்."

சண்முகராசா தலைக்கவசத்தைக் கழற்றிக் கூரையில் வைத்தார். "அப்ப நானும் வரமாட்டன்."

"சுஜீத் இல்லாத வானில நாங்கள் ஏறமாட்டம்" என்றாள் சாருஜா. "கொளுவ இடமில்லாத கூரைக்கும் ஏறமாட்டம். றொனால்ட் அண்ணையைக் கவனமில்லாதவர் எண்டு சொன்னதை நீங்கள் றஜீனா அக்காவுக்கு முன்னால நிண்டு மீளப் பெறோணும்."

"வெளியால ஆள் இல்லையோ? ஒரு போன் அடிச்சால் ஏஜென்சி ஆளை இறக்கும்."

"இறக்குங்கோ" என்றார் சண்முகராசா. "அவையளும் படியிலதானே ஏறோணும்."

அடுத்த நாள் விடியலில் ஈஸ்ட் ஹாமில், ரயில் பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே இருக்கும் கொம்பனி முற்றத்தின் கேற்றடியில் அவர்கள் மூன்று பேரும் நின்றார்கள். பனிப்புகார். மேலே முதல் ரயில்கள் உருண்டபோது செங்கல் வளைவு முழுவதும் அதிர்ந்து தலையில் தூள் விழுந்தது. சுஜீத்தோடு அஜந்தாவும் வந்திருந்தாள். இரவு முழுவதும் உறங்காத கண்கள். தொழிற்சங்கத்தில் ஓர் ஆளோடு பேசியிருப்பதாகவும், விசா விசயத்தைப் பார்க்க அவர் ஒரு சட்டத்தரணியோடு வருவதாகவும் சண்முகராசா அவளுக்கு மறுபடி மறுபடி சொன்னார். அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகவில்லை.

றஜீனா வந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு ஷிப்ட் முடித்த நீல அங்கியோடு நேரே வந்திருந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் சாருஜாவின் பக்கத்தில் நின்றாள்.

ரெய்னர்ஸ் லேன் வான் வந்தது. வான் கேற்றுக்குள் திரும்பவில்லை. வெளியே ஓரமாக நின்றது. கிருஷாந்த் இறங்கினான். அவனோடு வேலை செய்யும் இருவரும் இறங்கினார்கள்.

"வீட்டுக்காரி ஏசினவள்" என்றான். "ஏன் முந்தியே நிக்கேல்லை எண்டு."

நோர்பரி வானும் வந்தது. அதில் ஒருவன் இறங்காமல் உள்ளேயே இருந்தான். மற்றவர்கள் இறங்கினார்கள். கேற்றின் உள்பக்கத்தில் கிருஷ்ணராசா சாவிக் கொத்தோடு நின்றார். கையில் இருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

பனிப்புகாருக்குள்ளிருந்து ஒரு வெள்ளை மினிபஸ் வந்து நின்றது. ஏஜென்சி ஆட்கள். கருவிப் பையோடு மூன்று பேர் இறங்கினார்கள். முன்னால் வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கம்பளித் தொப்பி, முகத்தில் நாலு நாள் தாடி. கேற்றடியில் இத்தனை பேர் நிற்பதைக் கண்டு தயங்கினார்.

"தமிழா நீங்க?" என்றார். "நான் பால்பாண்டி. திருநெல்வேலி. ஒரு ரூஃபுல ஆன்டெனா மாட்டணும், பழைய ஆளுங்க வேலைய விட்டுட்டாங்கன்னு சொன்னாங்க."

"விடேல்லை" என்றாள் சாருஜா. "நிப்பாட்டி இருக்கிறம்."

அவள் சொன்னாள். எந்தக் கட்டடம், எந்தச் சுவர், எப்போது வந்த வளையம். நீட்டாமல் சொன்னாள். பால்பாண்டி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"கொக்கி மாட்ட எடமே இல்லாமலா ஏத்துனாங்க?"

"ஓம்."

"காத்துலயா?"

"ஓம்."

அவர் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள். "எங்களுக்கும் வாடகை இருக்குக்கா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்களுக்கும்தான்" என்றார் சண்முகராசா. அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை.

மேலே இன்னொரு ரயில் போனது.

"செத்தவரு பேரு என்னக்கா?"

சாருஜா பதில் சொல்லுமுன் றஜீனா முன்னால் வந்தாள். "றொனால்ட்" என்றாள். "நான் அவற்ர மனுசி."

பால்பாண்டி கம்பளித் தொப்பியைக் கழற்றினார். கிருஷ்ணராசா கேற்றின் கம்பிகளுக்கு ஊடாக, "உள்ள வாங்கோ, நேரம் போகுது" என்று கூப்பிட்டார். பால்பாண்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. மினிபஸ் சாரதியிடம் போய், வேலை இன்னும் தொடங்கவில்லை என்றும், தாங்கள் இங்கேயே நிற்கப்போவதாகவும் ஏஜென்சிக்குச் சொல்லச் சொன்னார். பிறகு மூன்று பேரும் கருவிப் பைகளைக் கொண்டுவந்து, மற்றவர்களின் பைகள் கிடந்த சுவரோரம் வைத்தார்கள்.

கேற்றடியில் இப்போது நிற்க இடம் போதவில்லை. கிருஷாந்த் தன் வானைப் பின்னால் எடுத்து ஒதுக்கினான். அவர்கள் நெருங்கி நின்றார்கள்.